எந்தக் கன்னம் முதலில்?

1

இக்கதை ஒரு மோதலில் பிறந்தது. மார்சேய் நகரின் பழைய துறைமுகத்தில், மீன்கடைகளுக்கு அருகே, நரைத்த தலையுடைய ஒருவரும் ஒரு பெண்மணியும் முகமன் கூற நெருங்கினர். மூக்கும் மூக்கும் இடித்தன, உதடுகள் உரசின. இருவரும் ஒரே குரலில், "ஐயோ, மன்னிச்சுக்கோங்க" என்றனர். நான் கண்டது அவ்வளவே. மற்றவை யாவும் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: 'நிலவொளியில் குளித்த காதல் நகரமாம் மார்சேயில்…' (அடித்துவிட்டேன். அப்போது முற்பகல், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.)

இரண்டாம் தொடக்கம்: 'கணவனை இழந்த ஒதில் என்னும்…' (இதுவும் வேண்டா. அவள் அன்று சிவப்பு நிறப் புதுக் காலணி அணிந்திருந்தாள்.)

ஆகவே, இப்படி: ஒதில் வடக்கே லெ ஆவ்ர் என்னும் ஊரினள். உல்லாசக் கப்பலில் வந்திறங்கியவள். மாலையில் கப்பல் புறப்பட்டுவிடும். கஸ்பார் மார்சேய்த் துறைமுகத்தில் மீன் விற்பவர். சென்ற ஆண்டு லெ ஆவ்ரில் ஒரு திருமணத்தில் இருவரும் அறிமுகமாயினர். அன்றுமுதல் ஞாயிறுதோறும் தொலைபேசிப் பேச்சு. அது நட்பா, அதற்கும் மேலா என்பது கப்பலேறுமுன் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். நட்புதான் எனில், இனி ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியருகே காத்துக் கிடப்பதில்லை என்று அவள் உறுதி பூண்டிருந்தாள்.

(அடிக்குறிப்பாகக் கொள்க: சந்தித்தாலும் பிரிந்தாலும் இந்நாட்டில் கன்னத்தில் முத்தமிட்டுக்கொள்வர். வடக்கே வலக் கன்னம் முதலில். மார்சேயில் இடக் கன்னம். இருவரும் அவரவர் வழக்கத்தையே பின்பற்றினால், நேரே வாய்தான்.)

3

ஒதில் வாய் திறக்க மறுத்தாள். ஆதலால் அவளுடைய நாத்தனார் கிஸ்லேனைப் படைத்துக் கப்பலில் ஏற்றினேன். வினையாயிற்று, அவள் வாயை மூடவே இல்லை.

மூவரும் துறைமுகத்துக்கு மேலுள்ள பழம்பேட்டையின் படிக்கட்டுச் சந்துகளில் ஏறினர். இருபுறச் சன்னல்களுக்கும் நடுவே கட்டிய கொடிகளிலிருந்து துணிகள் சொட்டின. கடலைமாவு வில்லைப் பொரியல் வாங்கக் கஸ்பார் ஒரு கடைக்குள் நுழைந்ததுதான் தாமதம்.

"அண்ணி, நான் பாத்துட்டேன். வாயிலயே குடுத்துட்டாரு!"

"சும்மா இருடி. இவங்க ஊர்ல இடது பக்கம்தான் முதல்ல. தெரியாம நடந்துபோச்சு."

"தெரியாமலா? கல்யாணத்துல அந்த மீசை வச்ச பெரியம்மா வரைக்கும் எல்லாருக்கும் வலது கன்னத்துலதானே ஆரம்பிச்சாரு? நம்ம வழக்கம் அவருக்கு அத்துப்படி!"

ஒதில் படியிலேயே நின்றுவிட்டாள். (இவ்வாதம் எனக்குத் தோன்றவில்லை; கிஸ்லேனுக்குத்தான் தோன்றிற்று.)

"என்ன ரகசியம்? சூடா எடுத்துக்கோங்க, ஆறிப்போச்சுன்னா செருப்புத் தோலு" என்று பொட்டலத்தை நீட்டினார் கஸ்பார்.

"காலைல நடந்தது பழக்கமா, திட்டமா? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றாள் கிஸ்லேன்.

"கிஸ்லேன்!"

கஸ்பாரின் காதுகள் சிவந்தன. "சொந்த ஊர் பாருங்க… கன்னம் தானா திரும்பிடுச்சு, மேடம்."

ஒதிலின் முகம் வாடிற்று. கையிலிருந்த வில்லையைக் கடிக்கவும் மறந்தாள்.

(இவ்விடத்தில் அவரை இப்படிப் பேசவைத்தேன்: "ஆனா, மன்னிப்புக் கேட்டேனே, அது மட்டும் பொய்." எழுதியவுடன் மகிழ்ந்தேன்; பிறகு அழித்தேன். அத்தனை சாமர்த்தியம் உள்ளவர் ஓராண்டு ஞாயிறுகளை மத்தி மீனின் விலையைப் பேசியே கழித்திருப்பாரா?)

4

ஒரு முடிவு: ஒதில் கப்பலைத் தவறவிடுகிறாள். (அவளால் இயலாது. எந்த வரிசையிலும் முதலாளாய்ப் போய் நிற்பவள் அவள்.)

மற்றொரு முடிவு: தொலைவிலிருந்தே கையசைத்துவிட்டு ஏறிவிடுகிறாள். (எழுதப் பார்த்தேன். "அண்ணி, கன்னம் குடுக்காம போனா மனுஷர் என்ன நினைப்பாரு?" என்று கிஸ்லேன் அவளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.)

ஆகவே கப்பல்துறை வாயிலில் இருவரும் எதிரெதிரே நிற்கின்றனர். காலையில் நேர்ந்த பிழை மறுபடியும் நேரலாகாது என்று ஒதில் எண்ணுகிறாள். இது அவர் ஊர். அவர் வழக்கப்படியே இடக் கன்னம். கஸ்பார் எண்ணுவதை நான் அறியேன். உள்ளங்கைகளைக் கால்சட்டையில் இருமுறை துடைத்துக்கொள்கிறார்.

அவர் தம் வழக்கத்தையே பின்பற்றினால், முத்தம் ஒழுங்காகக் கன்னத்தில் விழும். ஞாயிற்றுப் பேச்சும் முடிந்துவிடும். அவரும் அவளுக்காகத் தம் வழக்கத்தை விட்டுக்கொடுத்தால்…

கப்பல் ஊதுகிறது. ஒதில் கண்களை மூடி இடக் கன்னத்தைத் திருப்பிவிட்டாள். கஸ்பாரின் முகத்தை நீங்களே திருப்புங்கள். ஒன்று மட்டும் நினைவூட்டுகிறேன்: அவர் வடக்கத்தி வழக்கம் அறிந்தவர், விருந்தினரிடம் மிகுந்த மரியாதை உடையவர்.