உட்காராத நாற்காலிக்குக் காசு இல்லை

அந்தக் குடும்பத்தில் கல்யாணப் பேச்சு எழுந்தால் முதலில் மண்டபத்தைத் தேட மாட்டார்கள், அத்தையைத் தேடுவார்கள். அண்ணன் மகளுக்கு அவள் அத்தை, அக்கா பிள்ளைகளுக்குச் சித்தி, முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் 'மந்திரி'. நிதி மந்திரி என்பதன் சுருக்கம். முகத்துக்கு நேரே சொன்னாலும் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். சம்பளம் இல்லாவிட்டாலும் பதவி பதவிதானே.

பம்பு செய்கிற கம்பெனியில் கொள்முதல் பிரிவில் அவளுக்கு வேலை. ஒரு பெட்டி ஆணி வாங்குவதானாலும் மூன்று பேரிடம் விலை கேட்பாள். மூன்றாமவர் சொன்ன விலையை முதலாமவரிடம் சொல்லி, அவரிடமே குறைத்து வாங்கிவிடுவாள். அந்தப் புத்தியைத்தான் குடும்பக் கல்யாணங்களுக்கும் கொண்டுவந்தாள். கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று பயமுறுத்திவிட்டுப் போனவர்கள் இவளைப் பார்த்ததில்லை. அழைத்தவர்களில் நாலில் ஒருவர் வர மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். பூக்காரர் முதலில் சொல்லும் விலையில் பூக்காரருக்கே நம்பிக்கை கிடையாது என்பதும் தெரியும். மண்டப வாடகை ஆளைக் கொல்லாது, காலி செய்யத் தாமதமானால் போடுகிற வாடகைதான் கொல்லும் என்பதும் தெரியும்.

அவளுக்கென்று இரண்டு சட்டங்கள் இருந்தன. உட்காராத நாற்காலிக்குக் காசு இல்லை என்பது ஒன்று. போட்ட இடத்தில் ஆள் உட்காராமல் தட்டு அப்படியே திரும்பினால், சமையல் காண்ட்ராக்டர் அந்தத் தட்டைக் கழித்துவிட வேண்டும். ஓடியாடுகிறவர்களுக்கு நாற்காலி தேவையில்லை என்பது இன்னொன்று. போட்டோக்காரர், டிரைவர், மைக்காரர் இவர்களுக்கெல்லாம் சமையல்கட்டுப் பக்கத்தில் பாதி விலையில் பொட்டலச் சாப்பாடு. அந்தப் பாதி விலைக் கணக்கில் கடைசி ஆளாகத் தன்னையும் சேர்த்துக்கொள்வாள். அவளும் ஓடியாடுகிறவள்தானே. இத்தனை கல்யாணத்தில் ஒன்றிலாவது அவள் பந்தியில் உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் இல்லை. ஆல்பங்களைப் புரட்டினால் ஏதாவது ஒரு படத்தின் ஓரத்தில் கைப்பையும் அதைப் பிடித்த கையும் தெரியும். அதுதான் அத்தை.

இந்தத் தடவை கல்யாணம் அண்ணன் மகளுக்கு.

அந்தப் பெண்ணின் அம்மா இறந்தபோது பிள்ளைக்குச் சொந்தமாகச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. கொஞ்ச நாளைக்கு இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அத்தை. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி, பரீட்சை வந்தால் பக்கத்தில் துணை, பள்ளிக்கூடத்தில் அம்மாவை அழைத்து வா என்றால் அரை நாள் லீவு. அத்தைக்கு வந்த இரண்டு சம்பந்தங்களும், பிள்ளையையும் கூட்டிக்கொண்டா வருவாய் என்று கேட்டதோடு நின்றுபோயின. அதை அவள் அந்தப் பெண்ணிடம் சொன்னதில்லை. சொல்லிக் காட்டினால் செய்தது செய்ததாக இராது என்பது அவள் எண்ணம்.

ஆனால் இந்த ஒரு கல்யாணத்தில் அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. மேடைக்குக் கீழே, வந்தவர்கள் எல்லாரையும் பார்த்தபடி ஒரு நீள மேஜை போடுவார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் நெருங்கிய சொந்தமும் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதில் ஒரு நாற்காலியில் அவளும் உட்கார வேண்டும். அவ்வளவுதான். அதற்காகக் கரும்பச்சையில் ஒரு பட்டுப்புடவைகூட வாங்கிவிட்டாள். அதுவும் எப்படி? முதல் கடையில், சொன்ன விலைக்கு. மூன்று விலை கேட்காமல் அவள் வாழ்க்கையில் வாங்கிய பொருள் அது ஒன்றுதான். ஆசையை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணே வந்து, "அத்தை, நீங்க எங்ககூட உக்காருங்க" என்று கூப்பிடுவாள் என்று இருந்தாள்.

கல்யாணச் செலவு பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து. "இவ்வளவுதான் அத்தை. கடன் வாங்கி மட்டும் கல்யாணம் பண்ண மாட்டோம். உங்களாலதான் இதுக்குள்ள முடிக்க முடியும்" என்று பெண் சொன்னாள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று ஒரு பிள்ளை தானாகச் சொன்னால் எந்த மந்திரிக்குத்தான் பெருமையாக இருக்காது?

அத்தை இறங்கினாள். அழைப்பிதழை ஆளுக்கு ஒன்று என்றில்லாமல் வீட்டுக்கு ஒன்றாக அடிக்கச் சொன்னாள். போட்டோக்காரரின் இரண்டாவது ஆல்பத்தை வெட்டினாள். அப்படியும் கடைசியில் விளக்குக்காரர் விலையை ஏற்றிவிட, கணக்கு கொஞ்சம் இடித்தது. சமையல் காண்ட்ராக்டரிடம் போய் உட்கார்ந்தாள். மளிகைக் கடைக்கு மேலே அவருக்கு ஒரு சின்ன அறை. மின்விசிறி சுற்றும்போதெல்லாம் சுவரில் காலண்டர் படபடக்கும். பழைய பழக்கம், அதனால் பேச்சில் ஒளிவு மறைவு கிடையாது.

"இனிமே குறைக்கணும்னா என் சட்டையத்தாம்மா கழட்டணும்" என்றார்.

அத்தை மேஜை போடும் படத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "முன் மேஜைக்கு எதுக்குப் பத்து நாற்காலி? எட்டு போதும்."

"ரெண்டு நாற்காலியில என்னம்மா வந்துடப் போகுது?"

"நாற்காலி மட்டுமா? மேஜை சின்னதாகும். துணி குறையும், முன்னால தொங்கவிடுற பூ குறையும், பரிமாற ஒரு ஆள் குறையும். கூட்டிப் பாருங்க."

அவர் கூட்டிப் பார்த்தார். விளக்குக்காரர் ஏற்றியது சரியாக அதில் இறங்கிவிட்டது. "உங்ககிட்ட வேலை பாத்தா லாபம் வராதும்மா. அனுபவம்தான் வரும்" என்று சிரித்தார். அத்தையும் சிரித்தாள். எட்டு என்பதை அவள் குருட்டாம்போக்கில் சொல்லவில்லை. பெண், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர், இந்தப் பக்கம் அண்ணன். அது ஏழு. எட்டாவதை மனசுக்குள்கூட அவள் சொல்லிக்கொள்ளவில்லை. காது மட்டும் சூடானது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தபோதும் கால் வலிக்கவில்லை.

வீட்டில் பெண்ணும் அண்ணனும் சாப்பாட்டு மேஜையில் தையல் பெட்டியைக் கவிழ்த்து, பொத்தான்களை நாற்காலிகளாக அடுக்கி யார் யாரை எங்கே உட்கார வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முன் மேஜையில எட்டுதான். செலவு சரியாப் போச்சு" என்றபடி அத்தை கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

"எட்டா? அப்பாடா, சரியா இருக்கு அத்தை!" பெண் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். "நாங்க ரெண்டு பேர், அவரோட அப்பா, அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர். அப்பா. எட்டாவது பெரியம்மா."

"எந்தப் பெரியம்மா?"

"அம்மாவோட அக்கா. அம்மா இடத்துல அவங்க உக்காந்தா நல்லா இருக்கும்னு அப்பா சொன்னாரு."

அத்தை அந்த எட்டாவது பொத்தானைப் பார்த்தாள். சிவப்புப் பொத்தான். அந்தப் பெரியம்மா இந்த வீட்டுக்கு வந்தது இரண்டே தடவை. ஒரு தடவை ஒரு பொம்மை கொண்டுவந்தாள். மறு தடவை அதுவும் இல்லை.

"உங்களுக்கு இடம் தேடுற வேலை இல்ல, அது வரைக்கும் தப்பிச்சோம்" என்று பெண் சிரித்தாள். "உங்கள உக்கார வெச்சா சண்டைக்கில்ல வருவீங்க!"

"இவளா? இவ உக்காந்தா கல்யாணம் நின்னுடும்" என்றார் அண்ணன்.

"ஆமா, எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கும்" என்றாள் அத்தை. சமையலறைக்குப் போய், கழுவ ஒன்றும் இல்லாத தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

வலித்தது. சுற்றி வளைத்துப் பேச என்ன இருக்கிறது? கோபப்படலாம் என்றால் யார்மேல் படுவது? வஞ்சகம் பண்ணத் தெரியாத பிள்ளை அது. ஒருநாளும் உட்கார மாட்டேன் என்று அத்தையே வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அதற்குப் பாடமாகிவிட்டது. பத்து நாற்காலியாகவே இருந்திருந்தால் பெரியம்மாவும் உட்கார்ந்திருப்பாள். காலியாகக் கிடக்கும் ஒன்றைப் பார்த்து, "அத்தை, நீங்களும் வாங்க" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த நாற்காலியைப் பேரம் பேசி வெட்டிவிட்டுப் பெருமையோடு பஸ் ஏறி வந்தவள் அவள்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதையும் அவள் குறைந்த விலைக்கு முடித்திருந்தாள்.

மறுநாள் கம்பெனியிலிருந்து காண்ட்ராக்டருக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்கம்மா."

"அந்த முன் மேஜையில ஒரு நாற்காலி…"

"கூட்டணுமா? கூட்டிடலாம். யாருக்கும்மா?"

எனக்கு என்கிற ஒரு சொல்லில் என்ன இருக்கிறது? ஒரு லாரி பம்புக்கு விலை பேசுகிற வாய்க்கு அது வரவில்லை. "யாருக்கும் இல்ல. நாற்காலிக்குப் போடுற துணி சலவை பண்ணினதுதானேன்னு கேட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கல்யாணத்தன்று காலையிலேயே அத்தை மண்டபத்தில் இருந்தாள். கரும்பச்சைப் புடவையை உடுத்தலாமா வேண்டாமா என்று யோசித்து, வாங்கியதை வீணாக்குவானேன் என்று உடுத்தியிருந்தாள். பூக்காரருக்குப் பாக்கி, விளக்குக்காரருக்குப் பாக்கி, கூட்டிப் பெருக்குகிறவர்களுக்குக் கூலி. வாசலுக்கும் சமையல்கட்டுக்கும் நடந்து நடந்து பட்டின் ஓரம் அழுக்கானதுதான் மிச்சம். மேடையில் பெண் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபோது அவள் தூணுக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். அதற்குள் தண்ணீர்க்காரர் கூப்பிட்டார்.

பந்தி தொடங்குகிற நேரத்தில் பெரியம்மாவிடமிருந்து போன் வந்தது. ரயிலைத் தவற விட்டுவிட்டாளாம். முன் மேஜையில் எட்டாவது நாற்காலி, வெள்ளைத் துணியும் கவிழ்த்து வைத்த தட்டுமாகக் காலியாகக் கிடந்தது. அண்ணன் அத்தனை பேருக்கு நடுவில் கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"ஏய், இங்க வா! இடம் சும்மாதான் கிடக்கு. காசு வீணாப் போகுதில்ல, வந்து உக்காரு!"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நல்ல மனசோடுதான் கூப்பிட்டார். இத்தனை நாள் ஆசைப்பட்ட அதே நாற்காலிதான். ஆனால் வேறு ஒருத்தி வராததால் மிஞ்சிய இடத்தை, வீணாகப் போகாமல் இருக்க நிரப்பச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுகிறார்கள். வேறு யாரையாவது அப்படிக் கூப்பிடுவது அவள் வழக்கம். அந்த அழைப்பு தனக்கே வந்தபோது அவளால் ஏற்க முடியவில்லை.

"எனக்கு அந்தப் பக்கம் கணக்கு இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டாள். அங்கே மைக்காரரும் போட்டோக்காரரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பொட்டலத்தைப் பிரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, மண்டபத்திலிருந்து வரும் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பும் நேரம் வாசலில் பெண்ணின் குரல் கேட்டது. "அத்தை எங்க? யாராவது அத்தையக் கூப்பிடுங்களேன்!"

அத்தை ஏறக்குறைய ஓடினாள். பெண் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "டிரைவருக்குக் குடுக்கச் சில்லறை இருக்கா அத்தை?"

அத்தை கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். பெண் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "நீங்க இல்லன்னா இந்தக் கல்யாணமே நடந்திருக்காது அத்தை." பொய் சொல்லவில்லை, அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கியிருந்தது. கார் நகர்ந்த பிறகுதான் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி, "அட, புடவை புதுசா? நல்லா இருக்கே!" என்றாள். அத்தை பதில் சொல்வதற்குள் கார் திரும்பிவிட்டது.

அண்ணன் சம்பந்தியை வழியனுப்பப் போனார். உறவினர்கள் கலைந்தார்கள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக நீளமாக விழுந்திருந்தது. ஆட்கள் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காண்ட்ராக்டர் பில்லோடு வந்தார்.

"எல்லாம் நீங்க சொன்ன கணக்குதாம்மா. ஒரே ஒரு தட்டுதான் திரும்பிச்சு. முன் மேஜையில. உங்க சட்டப்படி கழிச்சுட்டேன்."

"கழிக்காதீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பழகிய இத்தனை வருஷத்தில் இந்தச் சொல்லை அவர் அந்த வாயிலிருந்து கேட்டதில்லை.

"கல்யாணப் பணத்துல சேக்க வேண்டாம். அந்த ஒரு தட்டுக்கு நான் தர்றேன்." கைப்பையின் உள்ளறையிலிருந்து தன் பணத்தை எண்ணி எடுத்து வைத்தாள். முழு விலை.

"யாருக்கும்மா இனிமே அந்தத் தட்டு?"

"எனக்கு" என்றாள் அத்தை.

போய் எட்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே கூட்டம் போன மண்டபம், தரையில் மிதிபட்ட பூ. பக்கத்தில் ஏழு காலி நாற்காலிகள். கவிழ்த்து வைத்த தட்டைத் திருப்பி நிமிர்த்தி வைத்தாள். காண்ட்ராக்டர் வேறு ஆளைக் கூப்பிடவில்லை. இருந்ததைச் சூடாக்கித் தானே கொண்டுவந்து பரிமாறினார். அவள் மெதுவாகச் சாப்பிட்டாள். கண்ணிலிருந்து வழிந்ததை இடது கையால் துடைத்துக்கொண்டு, நிறுத்தாமல் சாப்பிட்டாள்.

முன் மேஜையின் ஏழு நாற்காலிகளும் ஒவ்வொன்றாக மடங்கிப் போயின. அடுக்குகிற ஆள் எட்டாவதிடம் வந்து நின்றான்.

"அம்மா, இந்த நாற்காலிய எடுக்கணும். நேரம் தாண்டுது, மண்டபத்துக்காரர் கூடுதல் வாடகை கேப்பாரு."

"அத விடுப்பா" என்றார் காண்ட்ராக்டர். "அதுக்கு அவங்க காசு குடுத்திருக்காங்க."