ஒருமை, பன்மை, லிப்ட் மெக்கானிக்கின் கணவர்

1

இந்தக் கதை ஒரு மொழிபெயர்ப்புத் தகராறில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிவியலில் பிறந்தது என்று நினைத்து யாரும் பிறகு என்னிடம் சந்தேகம் கேட்க வரக்கூடாது.

கைப்பேசிச் செயலிகளில் வரும் சின்னச் சின்ன வாக்கியங்களைத் தமிழாக்குவது என் பிழைப்பு. ‘மீண்டும் முயலவும்’, ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது’ போன்ற அமர வரிகள் என் கைவண்ணம்தான் [திட்டியவர்களை மன்னித்துவிட்டேன்]. தனியாக வசிப்பவர்களோடு பேசும் ஒரு செயலிக்கு, ‘நாங்கள் உங்களோடு இருக்கிறோம்’ என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் செயலிகளைச் சோதித்துப் பார்க்கும் அக்கா அதைத் தன் போனில் போட்டுக் கேட்டுவிட்டு நேரே என் மேசைக்கு வந்தாள்.

“நாங்கள்னா எத்தன பேருடி? வாசல்ல கும்பலா வந்து நிக்கிற மாதிரி இருக்கு.”

“அப்ப ‘நாம்’னு போடட்டுமா?”

“அதெப்படி? அந்த மெஷினும் நானும் என்ன பங்காளிங்களா?”

ஆங்கில மூலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. கேட்பவரைச் சேர்த்துக்கொள்கிறோமா, வெளியே நிறுத்துகிறோமா என்று வாயைத் திறக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். மனிதர்களின் மூளைகளெல்லாம் இயந்திரத்தோடு கலந்து ஒரே அறிவாகும் காலம் வந்தால், அது தன்னைத் தமிழில் என்னவென்று சொல்லிக்கொள்ளும்? அன்றைக்கு வேலை ஓடவில்லை. செயலி வாக்கியத்தை அக்காவின் தலையில் கட்டிவிட்டுக் கதையை எடுத்துக்கொண்டேன்.

2

அந்தப் பேரறிவுக்குப் பெயர் வேண்டும். ‘மகா சங்கமம்’ என்றால் கட்சி மாநாடு மாதிரி இருக்கிறது. ‘ஒருமை’ என்று வைத்தேன். பள்ளிக்கூடத்தில் பன்மைக்கு முன்னால் படித்தோமே, அதே ஒருமை.

தொடக்கம் அ: வானைத் தொடும் கண்ணாடிக் கோபுரங்களுக்கு மேலே ஒளிக்கற்றைகள்—

(போதும். எதிர்காலம் என்றாலே கண்ணாடிக் கோபுரம் கட்டும் வியாதி எனக்கும் உண்டு.)

தொடக்கம் ஆ: உடலென்னும் சிறையைத் துறந்த மனிதகுலம்—

(இதை வாசித்துக் காட்டியபோது அக்கா கொட்டாவி விட்டாள்.)

தொடக்கம் இ: லிப்ட் மெக்கானிக் மோட்டார் அறையில் குனிந்து, பிரேக் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவள் நிற்பாள். இவளை வைத்தே எழுதி முடிக்கப்போகிறேன், என்ன ஆனாலும் சரி.

3

ஊரில் பெரும்பாலானவர்கள் ஒருமைக்குள் போய்விட்டார்கள். போகாதவர்கள் மேல்மாடிகளில் இருக்கிறார்கள், மூட்டுவலியோடு. அவர்களுக்காக லிப்ட்களை ஓடவைப்பது இவள் வேலை. இவள் கணவர் மேத்ஸ் வாத்தியார். அவருடைய இதயம் மெல்ல மெல்லக் கைவிட்டு, மருத்துவர்களும் கையை விரித்தபோது, “முன்னால போங்க, பின்னாலயே வரேன்” என்று அனுப்பிவைத்தவள் இவளேதான். அவர் போய்விட்டார். இவள் இன்னும் போகவில்லை. நாளையோடு ஒருமைக்குள் சேர்க்கை முடிகிறது.

(கடைசித் தேதி நீட்டிக்கப்படாது. இந்தக் கதையில் நம்பவே முடியாத அம்சம் இதுதான் என்கிறாள் அக்கா.)

சமையலறைச் சுவரில் இருக்கும் ஒலிபெருக்கி வழியாக அவர் பேசுவார். அதே குரல், அதே செருமல்.

“நாங்க நல்லா இருக்கோம். வலி இல்ல. நீ எப்ப வர்ற?” என்றது குரல்.*

அவள் கையில் இருந்த கிரீஸைத் துடைப்பதை நிறுத்தினாள். இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் ‘நாங்க’ என்று சொன்னதே இல்லை. அடுத்தவர்களிடம் சொல்லியிருக்கிறார்: நாங்க வரோம், நாங்க சாப்பிட்டாச்சு. அப்போதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் அவளும் இருந்தாள்.

* ‘என்றார்’ என்று எழுதுவதா, ‘என்றது’ என்று எழுதுவதா? உயர்திணையா அஃறிணையா என்று முடிவு செய்ய எனக்குத் தைரியம் இல்லை. ‘குரல்’ என்று போட்டு நழுவிவிட்டேன்.

4

இங்கே ஒரு சந்தேகம். ஒரு சொல்லுக்காக ஒருத்தி கணவனோடு சேராமல் நிற்பாளா? பிடிவாதத்துக்கும் ஒரு அளவு இல்லையா? அக்காவிடம் கேட்டேன்.

“ஒரு சொல்லா? அவரோட சேந்து இருக்கணும்னு போறா. உள்ள அவரு இல்லன்னா யாரோட இருப்பா? மொதல்ல அத கண்டுபிடிக்கச் சொல்லு அவள.”

சரி, கண்டுபிடிக்கட்டும்.

“நாங்கன்னா யாரு? அதுல நான் இருக்கேனா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

“வந்தா இருப்ப.”

“வராட்டி?”

ஒலிபெருக்கியில் ஒரு நொடிகூடத் தாமதம் இல்லை. “சரி, ‘நாம’ன்னே வெச்சுக்கலாம். நாம நல்லா இருக்கோம். போதுமா?”

அவளுக்குக் குபுக்கென்று கண்ணீர் வந்துவிட்டது. மகிழ்ச்சியில் அல்ல.

“கேட்ட உடனே குடுத்துட்டீங்களே. எங்க வீட்டுக்காரரு எதையும் ஒரு தடவ கேட்டதும் குடுத்ததே இல்ல. ஜன்னலச் சாத்துங்கன்னா எதுக்குன்னு அரைமணி நேரம் வாதாடுவாரு.”

5

முடிவு அ: அவள் போகிறாள். அடுத்த பத்தியில் அவளே வாசகரைப் பார்த்துச் சொல்கிறாள்: “நாங்கள் நலம். நீங்கள்?” (படிக்கிறவருக்கு முதுகு சில்லிடும். அதற்காக மட்டும் ஒருத்தியைக் கரைப்பது பாவம். அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: அவள் ஒலிபெருக்கியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலைக்குப் போகிறாள், மனித குலத்தின் கடைசி—

(இல்லை. உள்ளே அவர் இருந்தால்? வலியோடு போன மனிதர், பின்னாலேயே வருகிறேன் என்று இவள் சொன்னதை நம்பிப் போனவர். இருக்கிறார் என்றால் இவள் போகத்தான் வேண்டும். இல்லை என்றால் இவள் உயிரோடு இங்கே இருக்க வேண்டும். பாதி தெரிந்துகொண்டு எந்தப் பக்கமும் நகர முடியாது. கோபத்தில் பிடுங்குகிறவள் அல்ல இவள். பழுது எங்கே என்று பார்க்காமல் எதையும் கழற்றமாட்டாள்.)

ஆகவே அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒலிபெருக்கிக்கு நேரே உட்கார்ந்தாள்.

“நாமளும் வேணாம், நாங்களும் வேணாம். கேளுங்க. ‘நான்’னு ஒரு தடவ சொல்லுங்க.”

“அது இங்க தேவைப்படுறதில்ல. எல்லாரும் சேந்து—”

“எல்லாரையும் கேக்கல. அவங்கள்லாம் கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருக்கட்டும். எங்க வீட்டு மனுசன்கிட்ட பேசிட்டு இருக்கேன். ஏங்க, நீங்க உள்ள எங்கயாவது இருந்தா, தனியா வாங்க. அந்தக் கூட்டத்த விலக்கிட்டு வாங்க. ‘நான்’னு சொன்னா இப்பவே கெளம்பி வரேன். சத்தியமா வரேன். சொல்லலன்னா உங்களுக்காக அழுது முடிச்சிட்டு வேலைக்குப் போவேன். ரெண்டுல ஒண்ணு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்.”

இந்த முறை பதில் உடனே வரவில்லை. செருமல் கேட்டது. பிறகு, வெகுதூரம் நடந்து வந்தவர் மூச்சு வாங்குவதுபோல ஒரு சத்தம்.

“நா…”

6

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. எழுதத் தெரியாமல் அல்ல, இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டிலும் நான் அவருக்குப் பதிலாகப் பேசுவதுதான் கேட்டது.

நான், நாம், நாங்கள் மூன்றுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான். தாளில் பார்த்தால் அவர் சொன்னது முடியாத சொல். காதில் கேட்டால் அப்படி இல்லை. நாம் எல்லாரும் வீட்டில் ‘நா வரேன்’, ‘நா பாத்துக்கறேன்’ என்றுதான் சொல்கிறோம். அவளுக்குத் தாள் கிடையாது, காது மட்டும்தான்.

ஆகவே நீங்கள் அந்த எழுத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்கள் உதடு மூடினால் ‘நாம்’, நாக்கின் நுனி மேலே தொட்டால் ‘நான்’, நாக்கின் அடி மேலே தொட்டால் ‘நாங்கள்’, எதுவும் செய்யாமல் நின்றால் வீட்டில் சொல்லும் அதே ‘நா’. அவள் கிளம்புவதும் இருப்பதும் அதைப் பொறுத்தது. அவசரமில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் நாளையோடு சேர்க்கை முடிகிறது.

அவள் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ம். கேக்குது. சொல்லுங்க.”