பால்புட்டி டியூஷன்

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதிக்கவில்லை. என் மகள் குந்தவையின் மூக்கில் உதித்தது. அங்கே ஒரு நெல் மாட்டியிருந்தது. அதை வெளியே எடுத்த பிறகுதான் எனக்குக் கதை கிடைத்தது.

நான் நீடாமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு சிறுபத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறவன். மனைவி ஜெயபாரதி மன்னார்குடியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். "வீட்டுல இருந்துகிட்டே எழுதுறீங்களா? அப்ப புள்ளையையும் பாத்துக்கலாம், எவ்வளவு வசதி!" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூட இரண்டரை வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்ததில்லை.

ஆகவே ஓர் அறிவிப்பு. இந்தக் கதையில் சில வாக்கியங்கள் பாதியில் அறுந்து கிடக்கும். விமரிசகர்கள் அதை உத்தி என்பார்கள், ஒன்றிரண்டு பேர் கட்டுரைகூட எழுதுவார்கள். உத்தியெல்லாம் இல்லை. வாக்கியம் அறுந்திருந்தால் அப்போது குந்தவை வீட்டில் இருந்தாள். முழுசாக வந்திருந்தால் அவள் எதிர்வீட்டில் இருந்தாள். அந்த எதிர்வீடுதான் கதை.

2.

தொடக்கம், முதல் முயற்சி:

"காவிரி பாயும் பசும் வயல்களின் நடுவே எழில் கொஞ்சும் அந்தச் சிற்றூரில், விடியலின்"

(குந்தவை பேனாவைப் பிடுங்கிவிட்டாள். அவளுக்கு ரசனை உண்டு.)

இரண்டாம் முயற்சி:

"சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்த குணசேகரன் ஊர் திரும்பியபோது, அவனை வரவேற்க"

(பால் கேட்டாள். கொடுத்தேன். காகிதத்தின் மேல் கவிழ்த்தாள்.)

மூன்றாம் முயற்சி. குந்தவை எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறாள்:

குணசேகரன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்து இறங்கிய அன்று, அவன் மகன் ராம்கி அவனைப் பார்த்ததும் மிரண்டு உள்ளே ஓடினான். திரும்பி வரும்போது கையில் செல்போன் இருந்தது. அதை குணசேகரனிடம் நீட்டி, "இதுதான் எங்கப்பா" என்றான். மூன்று வயதுப் பையன் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு அப்பாவை அறிமுகம் செய்துவைக்கிறான். குணசேகரன் திரும்பிப் போகிற டிக்கெட்டை அன்றைக்கே ரத்து செய்தான்.

அவன் மனைவி அனுராதா தஞ்சாவூரில் நர்ஸ். காலை ரயிலுக்குப் போய்விடுவாள். பகலில் ராம்கியை குணசேகரனே பார்த்துக்கொண்டான். அதைப் பார்த்துவிட்டு நான் குந்தவையைத் தூக்கிக்கொண்டு போய், "ஒரு மணி நேரம்..." என்று இழுத்தேன். அடுத்த தெருவில் தனியார் பள்ளி ஆசிரியை ஒருத்தி இருந்தாள். நடக்கப் பழகிக்கொண்டிருந்த தன் மகன் அப்சரை அவளும் கொண்டுவந்து விட்டாள்.

"ஒருத்தனப் பாக்குறதும் மூணு பேரப் பாக்குறதும் ஒண்ணுதாண்ணே" என்றான் குணசேகரன். அது எவ்வளவு பெரிய பொய் என்பதை அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தெரிந்துகொண்டான். ஆனாலும் அவனுக்குப் பிடித்துவிட்டது. இதையே தொழிலாகச் செய்யப்போகிறேன் என்றான்.

3.

தொழில் என்றால் பெயர்ப்பலகை வேண்டும். எழுத்தாளன் என்பதால் வாசகம் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. "குழந்தைகள் அன்போடு பார்த்துக்கொள்ளப்படும்" என்று எழுதிக் கொடுத்தேன். என் எழுத்துகளில் தெருவில் உள்ள எல்லாரும் வாசித்தது அது ஒன்றுதான்.

பலகை மாட்டிய அன்று காலையிலேயே அதைக் கழற்றியவர் துரைராசு. குணசேகரனின் அப்பா, விவசாயி.

"சிங்கப்பூர்ல கப்பல் கட்டுனவன் இங்க வந்து மூக்கு தொடச்சிவிடுறான்னு கடைத்தெருவுல பேசணுமா? ஆம்பளைக்கு இது ஒரு வேலையாடா?"

"அங்க துருவச் சொரண்டுனேன்ப்பா. அத கௌரவம்னீங்க."

"அது துருடா. இது வேற."

எது வேறு என்பதை அவர் விளக்கிச் சொல்லவில்லை, பலகையை மட்டும் மாட்டுக்கொட்டகையில் போட்டுவிட்டார்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது நானல்ல, தெரு. நம் ஜனங்களுக்கு ஒரு சொல் மேல் அபாரமான மரியாதை உண்டு. பிள்ளை எங்கே என்று கேட்டால் "பாத்துக்க ஆள்கிட்ட விட்டிருக்கேன்" என்று சொல்லக் கூசுகிறவர்கள், "டியூஷன் போயிருக்கு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். முதலில் அப்சரின் அம்மாதான் தன் மாமியாரிடம் அப்படிச் சொன்னாள். மாமியாருக்கு ஒரே சந்தோஷம். பேரனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை, அதற்குள் டியூஷன்.

நானும் என் மாமனாரிடம் அதையே சொன்னேன். அவர் "என்ன சப்ஜெக்ட்?" என்று கேட்டார்.

[இந்த இடத்தில் வாசகர் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் "மேக்ஸ்" என்று சொல்லிவிட்டேன்.]

விஷயம் பரவியதும் துரைராசு தலைகீழாக மாறினார். உரக்கடையில் நின்றுகொண்டு, "எம் மவன் டியூஷன் சென்டர் நடத்துறான்" என்றார். தெருவில் ஒருவர் வந்து ஹோம்வொர்க் கொடுப்பதில்லையா என்று விசாரித்தார். இன்னொருவர் ராங்க் கேட்டார். யாராவது எட்டிப் பார்த்தால் குணசேகரன் பால்புட்டிகளை ஒளித்துவைத்துவிட்டு மூன்று பேரையும் வரிசையாக உட்காரவைத்து "அ" சொல்லச் சொல்வான். அப்சர் அழுவான். அழுகையும் "அ"வில்தான் தொடங்கும் என்பதால் வந்தவர் திருப்தியாகப் போவார்.

ஊரே கூடி ஒரு கதை எழுதிவிட்டது. என் கதைகளுக்கு அமையாத வாசகர்கள் அதற்கு அமைந்தார்கள். பொறாமையாகத்தான் இருந்தது.

4.

கதைக்கு வில்லன் வேண்டும் என்று துரைராசுவை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். முரட்டு மீசை, உருட்டும் விழி, "துரைராசு பற்களை நறநறவென்று"

(கடைவாயில் பல் முளைக்கிறது. துரைராசுவுக்கு அல்ல, குந்தவைக்கு.)

நல்ல வேளை. அவர் வில்லனுக்குச் சரிப்படமாட்டார். அவருடைய பிரச்சினை மழை.

தை மாசம், சம்பா அறுப்பு. மெஷின் அறுத்துப்போட்ட நெல்லை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போனார். போகிற வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. அங்கே கருவியில் நெல்லைப் போட்டுப் பார்த்து, "ஈரம் கூடுதலா இருக்கு, காயவச்சு எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்போது எங்கே காயவைப்பது? இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே வழிதான். ஹாலில் இருப்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு நெல்லைப் பரப்பி, எல்லா ஃபேனையும் ஓடவிடுவார்கள். ஹாலுக்குள் நடக்கிறவர் எவரும் காலைத் தூக்காமல் இழுத்து நடந்து நெல்லைக் கிளறிவிட்டுப் போகவேண்டும்.

ஹால் என்பது டியூஷன் சென்டர்.

"ஒரு வாரம் லீவு விடு" என்றார் துரைராசு. "டியூஷன்தானே? மழைக்குப் பள்ளிக்கூடமே லீவு விடுறான்."

குணசேகரன் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் லீவு என்றான். அப்சரின் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "லீவா? என்ன தம்பி விளையாடுறீங்க? நாளைக்கு ஸ்கூல்ல எனக்கு இன்ஸ்பெக்‌ஷன். புள்ளைய யாரு பாத்துக்குவா?"

தெருவில் முதன்முதலாக ஒருவர் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டது. டியூஷனுக்கு லீவு விடலாம், பிள்ளை பார்ப்பதற்கு லீவு கிடையாது. நானும் என் பங்குக்கு, "குணா, ஒரு சிறப்பிதழுக்குக் கதை கேட்டிருக்காங்க, காலைல மட்டும்..." என்று இழுத்தேன்.

'முடியாது' என்று அவனால் சொல்ல முடியவில்லை. "சரிண்ணே, உள் ரூம்ல வச்சுப் பாத்துக்குறேன்" என்றான்.

5.

உள் ரூமில் பிள்ளைகள் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? குணசேகரன் அப்சருக்கு டவுசர் மாற்றிக்கொண்டிருந்தபோது ராம்கி கதவைத் தள்ளினான். ஹால் முழுக்க நெல். குந்தவை ஆற்றில் இறங்குகிற மாதிரி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாளாம்.

துரைராசு "ஏய், ஏய்" என்று கத்திக்கொண்டு வந்தார். கத்தின கத்தில் பிள்ளைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடினார்கள். அந்தச் சின்னக் கால்கள் போன வழியெல்லாம் நெல் புரண்டு அடிநெல் மேலே வந்தது. அவர் கத்துவதை நிறுத்திவிட்டு, "அந்த மூலைக்கும் ஓடுங்க" என்றாராம்.

நான் நல்லவன் என்றால் கதையை இங்கே முடித்திருப்பேன். பெயின்ட் விளம்பரம் மாதிரி இருந்திருக்கும். ஆனால் குந்தவை ஒரு நெல்லை எடுத்து, அதற்கு எந்த இடம் பொருந்தும் என்று யோசித்து, மூக்குக்குள் வைத்துவிட்டாள்.

"அண்ணே, உடனே வாங்க" என்று குணசேகரன் போன் செய்தான். மூக்குப்பொடி போட்டால் தும்மலோடு வந்துவிடும் என்று துரைராசு டப்பாவும் கையுமாக நின்றார். யாரும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. மழையில் நனைந்துகொண்டே டாக்டரிடம் ஓடினோம். அவர் சின்ன இடுக்கியால் ஒரே இழுப்பில் எடுத்துவிட்டார். குந்தவை அந்த நெல்லைத் தன்னிடமே திருப்பித் தரச்சொல்லி அழுதாள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு பாத்துக்கிட்டு இருந்தது?"

"நான்தான் சார்" என்றான் குணசேகரன்.

"நீங்க யாரு?"

நான் முந்திக்கொண்டேன். "டியூஷன் சார்."

"இந்த வயசுல என்னங்க டியூஷன்?"

"டியூஷன்லாம் இல்ல சார்" என்றான் குணசேகரன். "நான் புள்ளைங்களப் பாத்துக்குறவன். பாத்துக்கிட்டு இருக்கும்போதுதான் போயிடுச்சு. என் தப்பு சார்."

பார்த்துக்கொள்ளப்படும் என்று பலகைக்கு எழுதிக் கொடுத்தவன் நான். அவன் அதை வாய்திறந்து சொன்னபோது எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

6.

அன்று சாயங்காலம் அப்சரின் அம்மா எங்கள் வாசலுக்கு வந்தாள். "அண்ணே, நாளைக்கு நீங்க குந்தவைய அனுப்புனா நானும் அப்சர அனுப்புறேன். இல்லன்னா வேணாம்." குணசேகரனுக்கும் அது தெரியும். யாரும் வரவில்லை என்றால் சிங்கப்பூர் ஏஜென்டிடம் பேசிவிடுவதாக அனுராதாவிடம் சொல்லியிருக்கிறான்.

ஜெயபாரதியைக் கேட்டேன். "நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள். "பகல்ல வீட்டுல இருந்து புள்ளையப் பாத்துக்குறது நீங்கதானே? ஊர்ல எல்லார்கிட்டயும் அப்படித்தானே சொல்றீங்க?"

மறுநாள் குந்தவையை அனுப்பவில்லை. வீட்டிலேயே வைத்துக்கொண்டு முடிவு எழுத உட்கார்ந்தேன். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவு அ: துரைராசு கண்கள் கலங்க மகனைத் தோளோடு அணைத்து, "நீதான்டா உண்மையான"

(மறுபடி மூக்கில் விரல். ஓடினேன். விரல் மட்டும்தான்.)

முடிவு ஆ: குடியரசு தின விழாவில் பொன்னாடை போர்த்தப்பட்ட குணசேகரன் ஒலிபெருக்கியைப் பிடித்து, "இந்த விருதை என்"

(ரசம். சட்டி முழுக்க. தரையில்.)

முடிவு இ: திருச்சி விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் ராம்கி செல்போனைக் கையில்

(இதைக் குந்தவை நிறுத்தவில்லை. நானே நிறுத்தினேன். என்னால் எழுத முடியவில்லை.)

7.

இன்று காலை மழை விட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டு ஹாலில் நெல் பாதிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்கும் மீதிப் பாதிக்கும் நடுவே, சுவரிலிருந்து சுவருக்கு இழுத்து, இடுப்புயரத்துக்கு ஒரு தடுப்பு கட்டியிருந்தார்கள். கல்யாணத்துக்கு மட்டும் கட்டுகிற துரைராசுவின் சரிகைக்கரை வேட்டி அது. கதையில் இப்படி ஒன்றை எழுதத் துணிந்திருக்கமாட்டேன், ரொம்ப இனிப்பு என்று நானே அடித்திருப்பேன். மனிதர் நிஜமாகவே கட்டிவைத்திருந்தார், நான் என்ன செய்வது?

வெளிச்சுவரில் பலகையும் திரும்ப வந்திருந்தது. அதன்மேல் காய்ந்த சாணி ஒட்டியிருந்தாலும் வாசகம் முழுசாகத் தெரிந்தது. குணசேகரன் வாசலில் நின்று எங்கள் வீட்டைப் பார்த்தான், பிறகு பார்க்காத மாதிரி ராம்கிக்குத் தலை வாரினான். தெருமுனையில் அப்சரின் அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தும் நகராமல், எங்கள் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். குந்தவை செருப்பைக் கால்மாற்றிப் போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு, கேட்டின் கம்பியைப் பிடித்து ஆட்டினாள்.

எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை. அந்த ஹாலில் இன்னும் நெல் இருக்கிறது, அவளுக்கு இன்னும் மூக்கு இருக்கிறது.

நான் எழுந்து போய்க் கேட்டைத் திறந்தேனா, அவளைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தேனா என்பதை எழுதமாட்டேன். இந்த முடிவை நான் எழுதினால் அதுவும் ஒரு டியூஷன் கதையாகிவிடும். எதிர்வீட்டிலிருந்து துரைராசு, "வேட்டிய இழுக்காத, வேட்டிய இழுக்காத" என்று கத்துவது இப்போது இங்கேவரை கேட்கிறது. யாரைப் பார்த்துக் கத்துகிறார் என்று என்னைக் கேட்காதீர்கள். தொடக்கத்தில் நான் கொடுத்த அறிவிப்பை நினைத்துக்கொண்டு இந்தப் பகுதியை மட்டும் திரும்ப ஒருமுறை வாசித்து, எத்தனை வாக்கியம் அறுந்து கிடக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.