ஓய்வு வாரம்

மருத்துவமனை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் கூடம் அது. கான்ட்ராக்டரின் ஆள் வந்து, "எல்லாரும் ஒரு வாரம் நல்லா ஓய்வெடுங்க" என்று சிரித்தபடி சொன்னால், ஆட்கள் எடுக்கப்பட்டு ஒரு வருடம் முடியப் போகிறது என்று அர்த்தம். இடைவிடாமல் ஒரு வருடம் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு வாரம் விட்டுப்போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

"சட்டம் ஏணி வச்சிருக்கு. இவங்க ஒரே ஒரு படியை மட்டும் உருவி வச்சுக்கிறாங்க" என்பாள் மடிப்பக்கா. மடிப்பு மேசையின் மூத்த தொழிலாளி அவள்.

கூடத்தின் மேற்பார்வையாளர் நிரந்தர ஊழியர். அவர்தான் தன் மனைவியின் தம்பியை அங்கே சேர்த்துவிட்டவர். எல்லாரும் அவனை நெட்டை என்றார்கள். ஈர விரிப்பைச் சூடான உருளைக்குள் மடங்காமல் செலுத்தும் ரோலர் வேலை அவனுடையது. அவனுக்குப் பெண் பார்த்தபோது, பெண்ணின் அப்பா, "வேலை நிரந்தரமா?" என்று கேட்டார். "ஆள் நிரந்தரம்தாங்க, வேலைதான் கொஞ்சம் வந்து வந்து போகும்" என்றான் நெட்டை. அவர் சிரிக்கவில்லை. இந்த வருடம் முடியட்டும், பார்ப்போம் என்று எழுந்துவிட்டார்.

அந்த வருடக் கடைசியிலும் ஓய்வு வாரம் வந்தது. மாற்றாக வந்த புது ஆட்கள் முதல் நாளே விரிப்பைக் கோணலாகச் செலுத்த, துணி உருளையைச் சுற்றிக்கொண்டு இயந்திரம் நின்றுவிட்டது. அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து போன் மேல் போன். மேலாளர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். மேற்பார்வையாளர் மைத்துனனை அழைத்தார்.

"பின்வாசல் வழியா வாடா. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

முன்வாசலில் கேமரா உண்டு, பெயர் கேட்டு எழுதும் காவலாளி உண்டு. அழுக்குத் துணி வண்டிகள் வரும் பின்வாசலில் ஒரு தாழ்ப்பாள் மட்டும்தான். அந்த வாரம் முழுவதும் மேற்பார்வையாளர் அதைத் தன் கையாலேயே திறந்துவிட்டார். வேலை நடக்கிறதே என்ற நிம்மதியில், என்ன செய்கிறோம் என்று அவர் யோசிக்கவே இல்லை.

யோசிக்க வைத்தது மடிப்பக்கா கொடுத்த மனு. ஓய்வு என்பது வெறும் கண்துடைப்பு, எங்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று எல்லாரையும் சேர்த்து மனுப்போட்டிருந்தாள். விசாரணையன்று தொழிலாளர் அலுவலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"ஓய்வுன்னு சொன்ன வாரத்துல உங்கள்ல ஒருத்தர் உள்ளே வேலை செஞ்சிருந்தாக்கூட, அது ஓய்வே இல்லைன்னு எழுத எனக்கு இடமிருக்கு. யாராவது செஞ்சீங்களா?"

மேற்பார்வையாளர் தரையைப் பார்த்தார்.

"நான் வீட்ல தூங்கினேன் சார்" என்றான் நெட்டை, யாரும் அவனைத் தனியாகக் கேட்காமலே.

அலுவலர் மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. யாராவது வந்தாங்களா?"

நெட்டையின் முன்கையில் அந்த வாரம் உருளை சுட்ட தழும்பு இன்னும் இளஞ்சிவப்பாகவே இருந்தது.

"அவன் சொன்னதுதான் சார்" என்றார் மேற்பார்வையாளர்.

மனு தள்ளுபடியானது. தாழ்வாரத்தில் மடிப்பக்கா நெட்டையை மறித்தாள்.

"தூங்கினவன் கையில சூடு எப்படிடா பட்டுச்சு? கனவுல தேய்ச்சியா?"

"ஆமாக்கா. கனவுலயும் ரோலர்தான் வருது."

"உன் ஒருத்தன் வாயால எங்க எல்லாரையும் சேர்த்துத் தேய்ச்சுட்டே. போ, நல்லா இரு."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவள் திட்டியது தப்பான ஆளை என்று பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளருக்குத் தெரியும். அவள் போன பிறகுதான், "ஏன்டா அப்படிச் சொன்னே?" என்றார்.

"உண்மையைச் சொன்னா பின்வாசலைத் திறந்தது யாருன்னு கேப்பாங்க. உங்க வேலை போனா அக்கா பிள்ளைங்களை வச்சுக்கிட்டு என்ன பண்ணும்? எனக்கென்ன மாமா, தனிக்கட்டை."

அன்று மதியம் மனைவி சோறு போட்டபடி கேட்டாள். "தம்பி விஷயம் என்னாச்சு? நீங்க அவனுக்காகப் பேசினீங்களா?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"அதானே பாத்தேன். நீங்க இருக்கீங்கன்னுதான் அவன் தைரியமா இருக்கான்" என்று அவள் இன்னொரு கரண்டி வைத்தாள். அவரால் அதைத் தொட முடியவில்லை. பெண் வீட்டார் வேறு இடம் பார்த்துவிட்டதாக அடுத்த வாரம் சேதி வந்தது. அதை நெட்டையிடம் சொல்லும் பொறுப்பும் அவர் தலையில்தான் விழுந்தது. "விடுங்க மாமா, அந்தப் பொண்ணு தப்பிச்சுது" என்றான் அவன். அதற்குப் பிறகு அவனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடிப்பதை அவர் ஏதாவது சாக்குச் சொல்லித் தவிர்த்துவந்தார்.

வருடம் சுற்றி வந்தது. ஓய்வு வாரமும் வந்தது. புது ஆட்கள், கோணல் விரிப்பு, நின்றுபோன உருளை.

"உங்க மச்சானைக் கூப்பிடுங்க. போன தடவை மாதிரியே" என்றார் மேலாளர், தலை நிமிராமல்.

மேற்பார்வையாளர் ஈரத்துணிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று அழைத்தார்.

"தெரியும் மாமா. கிளம்பிட்டேன். பின்வாசல்தானே?"

"இல்ல. முன்வாசல்."

"கேமரா இருக்கே மாமா."

"அதுக்கு நேரா நின்னு காவலாளிகிட்ட உன் பேரைச் சொல்லு. வரச் சொன்னது யாருன்னு கேட்டா என் பேரைச் சொல்லு. மறுபடி மனு போடறதைப் பத்தி நான் மடிப்பக்காகிட்ட பேசிக்கிறேன்."

"வேணாம் மாமா. மாட்டிக்குவீங்க. அக்கா..."

"உங்கக்காகிட்ட ராத்திரி நானே சொல்லிக்கிறேன். நீ வா."

போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு அவர் முன்வாசலுக்கு நடந்தார். காவலாளி எழுந்து வணக்கம் வைத்தான். கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டார். பிறகு அதன் கீழே, தன் முகம் தெரியும்படி, மைத்துனன் வரும் வழியைப் பார்த்து நின்றார்.