இருநூற்றுப் பன்னிரண்டு இழுப்பறைகள்

வறண்ட ஏரிக்குப் புதிதாக வருகிறவர்களிடம் கோரின் ஹால்வர்சன் முதலில் சொல்வது ஒன்றுதான்: "சும்மா வேடிக்கை பாக்க வந்திருந்தா இப்பவே வண்டியத் திருப்பு." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். ஆனால் அது விளையாட்டுக்குச் சொன்னதில்லை என்பது ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். வந்தவர் கையில் அதற்குள் ஒரு சுத்தியலோ, பாத்திரம் தேய்க்கும் நாரோ ஏறியிருக்கும்.

வருடத்தில் ஐம்பத்தொரு வாரம் அவள் ரீனோ நகரில் ஒரு கொதிகலன் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தாள். மிச்சமிருந்த ஒரு வாரம், ஊர் ஊராக ஆட்கள் வந்து கூடாரம் போட்டுக் கூடும் ஏரி விழா. அதற்காகத்தான் வாழ்ந்தாள் என்றே சொல்லலாம். விவாகரத்தான வருடம், யாரோ கூப்பிட்டார்கள் என்று முதன்முதலாக ஏரிக்குப் போனாள். பேர்தான் ஏரி, வெள்ளைச் சுண்ணாம்பாக வெடித்துக் கிடக்கும் தரை, கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு புல் கிடையாது. போன அன்றே புழுதிக் காற்று அடித்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றவளின் கையில் யாரோ ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்து அழுத்தினார்கள். கண்ணைத் திறந்தபோது ஆள் இல்லை. அந்தப் பழத்தைப் புழுதியோடு தின்றாள். தன்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்காமல் ஒருவர் தனக்கு ஒன்று கொடுத்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு ஏரியின் சட்டங்கள் அவளுடைய சட்டங்களாயின. அங்கே விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை, இருப்பதைக் கொடுக்கலாம். எல்லோரும் செய்கிறவர்கள், பார்க்கிறவர் என்று யாரும் கிடையாது. மரத்தில் செய்ததையெல்லாம் கடைசி நாள் விடியலில், காற்று எழும்புமுன் எரித்துவிட வேண்டும். கிளம்பும்போது தரையில் ஒரு பொட்டு குப்பைகூட இருக்கக் கூடாது. அவள் தங்கிய முப்பது பேர் முகாமுக்குத் தலைவர் என்று யாரும் இல்லை. ஆனால் கோரின் சொன்னால் அது நடக்கும்.

லீலண்ட் பாஸை அந்த முகாமுக்கு அழைத்து வந்தவள் ட்ரூடி. முகாமுக்குச் சமைக்கிறவள், வாயும் கையும் ஒன்றுபோல ஓடும். லீலண்டும் அவளும் ஃபாலன் என்ற ஊரில் ஒரே தெருக்காரர்கள். அவன் தச்சன். இருபத்தைந்து வருடமாக அடுத்தவர் வீட்டுச் சமையலறைகளுக்கு, அடுத்தவர் சொன்ன அளவில், அடுத்தவர் சொன்ன நிறத்தில் அலமாரி செய்து கொடுத்தவன். முதல் இரண்டு வருடமும் நாற்காலிக் கால் ஒட்டுவது, நிழலுக்குப் பந்தல் போடுவது என்று ஓரமாகவே இருந்தான். மூன்றாவது வருடம் லாரி நிறையப் பலகைகளோடு வந்தான். ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போட்டிருந்தது.

"என்னப்பா இது?" என்றாள் கோரின்.

"அலமாரிதான்."

"இங்கயுமா! ஊர்ல செஞ்சது போதலையா உனக்கு?"

"இது யாரும் கேக்காதது," என்றான் லீலண்ட்.

மூன்று நாளில் அது எழுந்து நின்றது. இரண்டு ஆள் உயரம். நான்கு பக்கமும் இழுப்பறைகள், மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. மேலே இருப்பதை எட்ட, சுற்றி வளைந்து ஏறும் ஒரு மரப்படி. ஆணி என்பதே கிடையாது. மரத்தோடு மரம் கோத்தது. கைப்பிடியும் மரம்தான், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஒரு விரலால் தொட்டால் போதும், உள்ளிருந்து யாரோ தள்ளுவதுபோல அறை வெளியே வரும். கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்: ஒன்றை வை, ஒன்றை எடு.

அப்புறம் முகாமில் அமைதி என்பது இல்லை. பொழுது விடிந்தால் சைக்கிள்கள் வந்து வரிசை கட்டின. ஒரு கிழவர் தன் மவுத் ஆர்கனை வைத்துவிட்டுப் போனார். அதை எடுத்த பெண்ணுக்கு வாசிக்கவே தெரியாது, மூன்று நாள் ஊதித் தள்ளி முப்பது பேர் உயிரையும் வாங்கினாள். யாரோ ஒரு வீட்டுச் சாவியை வைத்தார்கள். ஒருத்தி ஒரு கடிதம் வைத்தாள். அதை எடுத்துப் படித்த இன்னொருத்தி படியிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுதியவளைத் தேடிப் புறப்பட்டாள். மறுநாள் இரண்டு பேரும் ட்ரூடியின் சமையல் கூடாரத்தில் ஒரே தட்டில் தோசைக்கல் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

கோரின் அந்த வருடம் ஒரு இரும்புப் பறவை செய்திருந்தாள். காற்றடித்தால் சிறகு அசையும். எட்டு மாத வேலை. அதற்குப் பக்கத்தில் அவள் நிற்கும்போது வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "அந்த அலமாரி எங்கங்க இருக்கு?" அவளும் கை நீட்டி வழி காட்டிக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை பிற்பகல் லீலண்ட் அவளிடம் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"கோரின், நாளைக்கு அதை எரிக்க வேண்டாம்னு நெனைக்கிறேன்."

"எத?"

"அலமாரியத்தான். பிரிச்சு லாரில ஏத்திடுவேன். ஃபாலன்ல பசங்க நூலகத்துல ஒரு எடம் காலியா கெடக்கு. கேட்டா வச்சுக்குவாங்க."

கோரின் சிறகின் மூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நமக்குள்ள ஒரு ஒப்பந்தம் இருக்கு, லீலண்ட்."

"இருக்கு. தெரியும். ஆனா இந்த மாதிரி ஒண்ணு நான் செஞ்சதே இல்ல. இனிமே செய்வேனான்னும் தெரியல."

"எல்லாரும் அப்பிடித்தான் நெனைப்பாங்க. சாயங்காலம் கூட்டத்துல கேளு."

கூட்டம் பந்தலுக்கடியில் நடந்தது. லீலண்ட் இரண்டு வாக்கியம் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டான். பேச்சு அவனுக்கு வராது. கோரினுக்கு வரும். எழுந்து நின்று, வைத்துக்கொள்ள ஆசைப்படுவதில்தான் ஊரின் அத்தனை சீக்கும் ஆரம்பிக்கிறது என்றாள். இன்றைக்கு நூலகம், நாளைக்கு அருங்காட்சியகம், அதற்கடுத்த நாள் விலைச்சீட்டு என்றாள். அது இனி லீலண்டின் அலமாரியே இல்லை, அதில் வைத்த எல்லோருடையதும் என்றாள். அவள் சொன்ன எதுவும் பொய்யில்லை. பேசப் பேச அவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

ட்ரூடி மட்டும் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப உன் பறவை? நீ செய்யற இரும்பு மட்டும் வருசா வருசம் உன் வீட்டுக் கொல்லைக்குப் பறந்துடுதே?"

"இரும்பு எரியாதுடி. நான் என்ன பண்ண?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாகக் கைகள் உயர்ந்தன. கோரின் எண்ணிக்கொண்டே வந்தவள், லீலண்டின் கையும் மேலே இருப்பதைப் பார்த்தாள். தன் பேச்சுக்குக் கிடைத்த பெரிய வெற்றியாக அப்போது அதை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிறு விடியலில் அவனே தீ வைத்தான். காய்ந்த மரம், உள்ளே அத்தனை காற்றறைகள். நெருப்பு ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து பார்ப்பதுபோல ஏறிற்று. சுற்றி நின்றவர்களில் பலர் அழுதார்கள், அது ஏரியில் வழக்கமான அழுகை. லீலண்ட் அழவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தான். அலமாரியின் வரைபடம், அளவெல்லாம் அதில்தான் இருந்தது. அதையும் உள்ளே எறிந்தான். யாரோ கைதட்டினார்கள். கோரினும் தட்டினாள்.

சாம்பலை வாரி மூட்டை கட்டிய பிறகு அந்த இடத்தில் ஒரு ஆணிகூட அகப்படவில்லை. தரையைச் சோதிக்க வந்தவர் பாராட்டிவிட்டுப் போனார். மறுநாள் கோரின் கிரேன் வைத்துப் பறவையை லாரியில் ஏற்றினாள்.

அடுத்த வருடம் லீலண்ட் வரவில்லை. வேலை இருக்கும் என்றார்கள். அதற்கடுத்த வருடம் அதையும் யாரும் சொல்லவில்லை.

பதினோரு வருடம் போயிற்று. ஏரிக்கு ஏசி போட்ட பேருந்துகள் வந்தன. சமைக்க ஆள், கூடாரம் போட ஆள் என்று கூட்டி வருகிறவர்கள் வந்தார்கள். கோரின் ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை போட்டாள். முகாமில் பாதிப் பேர் புது முகம். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு தங்கள் வழியில் போனார்கள். அந்தச் சமயத்தில் ரீனோவில் ஒரு பூங்காவுக்கு அவளுடைய பறவையைக் கேட்டார்கள். சம்மதிக்க அவள் ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை.

திறப்பு விழா அன்று, பீடத்தில் தன் பெயர் பொறித்த தகட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். தொப்பி போட்ட ஒரு நடுவயதுப் பெண் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத நான் ஏரியில பாத்திருக்கேங்க. அந்த வருசம் ஒரு அலமாரி இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதுல நான் எங்கம்மாவோட கண்ணாடிய வச்சேன். அந்த அலமாரி இப்ப எங்க இருக்கு?"

"எரிச்சுட்டோம்."

"ஐயோ. ஏன்?"

இந்தக் கேள்விக்குக் கோரின் நூறு தடவை பதில் சொன்னவள். வைத்துக்கொள்ள ஆசைப்படுவதில்தான் என்று தொடங்கினாள். தலைக்கு மேல் பறவையின் சிறகு காற்றில் அசைந்தது. அண்ணாந்து அதைப் பார்த்தவள் பேச்சைப் பாதியில் விட்டாள். அந்தப் பெண் அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரமே ட்ரூடியிடம் முகவரி கேட்டுக்கொண்டு ஃபாலனுக்கு வண்டியை விட்டாள். லீலண்ட் வீட்டில்தான் இருந்தான். தாடி நரைத்திருந்தது. அவளைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. காபி ஊற்றிக் கொடுத்தான். தச்சுவேலையை விட்டுப் பள்ளிப் பேருந்து ஓட்டுவதாகச் சொன்னான்.

கோரின் காபியைத் தொடவில்லை. "லீலண்ட், அன்னைக்கு நான் பேசினது ஏரிக்காக இல்ல. எல்லாரும் உன் அலமாரியவே கேட்டாங்க. எனக்குப் பொறுக்கல. அதான் நெசம். இத்தனை வருசம் எனக்கே அத நான் ஒத்துக்கல."

லீலண்ட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்குத் தெரியும்," என்றான்.

"அப்பவேவா?"

"அப்பவேதான். எண்ணெய் விட்டுக்கிட்டே பேசினியே, முகத்தத் திருப்பாம."

"பின்ன ஏன் கையத் தூக்கினே?"

"முப்பது பேர் பாக்குறாங்க. என்னை ஒட்டாத ஆளுன்னு நெனைச்சிடுவாங்களோன்னு இருந்துச்சு. அந்த எடம் அவ்வளவு பிடிச்சிருந்துச்சு எனக்கு. ஊர்ல யாரும் என் பேரக்கூடக் கேட்டதில்ல, அங்க தெனம் யாராவது வந்து கட்டிப் பிடிச்சாங்க." நிறுத்தினான். "மூணு வருசம் உன்மேல கோவம். அப்புறம் என்மேல. வரைபடத்தையும் போட்டேன் பாரு, அது யாரும் கேக்காதது. சும்மா வீறாப்பு."

"மறுபடி செய்யலாம். நான் கூட நிக்கறேன். மரம் நான் வாங்கறேன்."

"வேணாம் கோரின்."

"முயற்சி பண்ணலாமே."

"அப்ப எனக்கு அது எப்பிடி வரும்னே தெரியாது. தெரியாமத்தான் செஞ்சேன். இப்ப செஞ்சா அதோட ஒப்பிட்டுக்கிட்டே செய்வேன்." அவன் குரலில் சூடு இல்லை. "பரவாயில்லன்னு சொல்லணும்னுதான் நீ இவ்வளவு தூரம் வந்திருக்கே. சொல்ல வர மாட்டேங்குது. மன்னிச்சிடு."

அவள் தலையை ஆட்டினாள். கிளம்பலாம் என்று எழுந்தவளை அவன் நிறுத்தினான். கடையில் வாங்கிய அலமாரிப் பெட்டி ஒன்று சமையலறைத் தரையில் கிடந்தது, மரத்தூளை அமுக்கிச் செய்தது.

"இத மாட்டணும். ஒத்த ஆளா தூக்க முடியல. கொஞ்சம் பிடிக்கிறியா?"

கோரின் கோட்டைக் கழற்றினாள். பெட்டியைத் தூக்கி, சுவரோடு சேர்த்துத் தோளால் முட்டுக் கொடுத்தாள். அவன் ஸ்டூலில் ஏறித் திருகாணிகளை முடுக்கத் தொடங்கினான். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும்.

"இருக்கட்டும், போதும்," என்றான் அவன்.

நான்கு திருகாணியும் இறுகும்வரை அவள் அப்படியே நின்றாள்.