கூப்பினார், ஏந்தினார்

பிப்ரவரி 12, 2025. புதன். காலைக் குறிப்பில், ‘அப்பா கை கூப்பினார், ஜெபித்தார்’ என்று எழுதியிருக்கிறேன். தவறு. கை ஏந்தினார்.

கிருபா நோட்டில் ‘கூப்பினார்’ மேல் ஒற்றைக் கோடு இழுத்தாள். தவறை அழிக்காமல், பக்கத்திலேயே சரியானதை எழுதுவது சுருக்கெழுத்து மாலை வகுப்பில் வந்த பழக்கம். ‘ஜெபித்தார்’ மேலும் கோடு போட வேண்டுமா என்று தெரியவில்லை. அதை அப்படியே விட்டாள்.

பிற்பகல் மூன்று மணி. முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா சாமுவேல் கிடந்தார். சாவுக்காகப் பக்கத்து வீட்டுத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். கருமத்தம்பட்டியில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த அமைதி பழக்கமில்லை. பெட்டியின் மோட்டார் மட்டும் ஓடி ஓடி நின்றது.

காலையில் அப்பா கண் திறந்தார். இரண்டு கைகளையும் சேர்த்து மோவாய்க்குக் கீழே கொண்டுவந்தார். ஜெபிக்கிறார் என்று நினைத்துக் கிருபாவும் கண்ணை மூடிக்கொண்டாள். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோதும் அந்தக் கைகள் அங்கேயே இருந்தன. கொஞ்ச நேரத்தில் சரிந்தன. பத்தே காலுக்கு மூச்சு நின்றது. ஸ்டூலின் மேல் டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது.

நாளை கோயிலில் வாசிக்க, அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பை ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார் போதகர். கடைசி வரியாக அந்த ஜெபத்தை எழுதி, மதியம் அம்மாவிடம் படித்துக் காட்டினாள்.

“அது ஜெபமில்ல அம்மணி. தண்ணி கேட்டிருக்காரு.”

பிறகு அம்மா சொன்னாள். ஒன்பது வயதில் அப்பா ஒரு தோட்டத்தில் மாடு மேய்த்தார். தாகமெடுத்தால் கையை ஏந்தி நிற்க வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். ஒருநாள் ஊற்ற ஆளில்லை. அவரே கிணற்று வாளியைத் தொட்டுவிட்டார்.

“அதுக்கு அவங்கய்யனத் தென்னமரத்துல கட்டி வெச்சு அடிச்சாங்க. இவர முன்னால நிக்க வெச்சு. அதுக்கப்பறம் தண்ணி வேணும்னு ஒருத்தருகிட்டயும் கேட்டதில்ல.”

கல்யாண வீட்டுக்குக்கூட அப்பா தன் பாட்டிலோடு போவதைக் கிருபா எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறாள்.

இதையும் எழுதப்போவதாகச் சொன்னதும் அண்ணன் தமிழ்வேந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். அந்தத் தோட்டத்து வீட்டுப் பிரவீனாவும் அவன் மகள் செவ்வந்தியும் ஒரே வகுப்பு. பிரவீனா இங்கே வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து உரிமையோடு தண்ணீர் குடிப்பவள்.

“நாளைக்கு அவங்க ஊட்டு ஆளுகளும் வருவாங்க. எம்புள்ள அத்தன பேரு நடுவுல உக்காந்து இதக் கேக்கணுமா? அப்பாவே சொல்லாதத நீ எதுக்குச் சொல்ற?”

“சொல்லாததுனாலதான் நான் கண்ண மூடிட்டு நின்னேன்.”

அவன் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு கேட்டான்: “அவ தாங்குவாளா?”

கிருபாவுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள். ஆனால் கூட்டத்தின் நடுவில் முதன்முதலாகக் கேட்பது கூடாது. முன்னதாகவே யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

“எனக்கு அப்பா செத்ததுக்கப்பறம்தான் தெரிஞ்சுது,” என்றாள்.

“நீயே அவகிட்டச் சொல்லு. என்னால ஆகாது,” என்று எழுந்து போனான்.

கடைசி வரியை அவள் நான்கு முறை எழுதினாள். ‘தண்ணீர் கேட்டார், நான் கொடுக்கவில்லை’ என்பது சரியா, ‘எனக்குப் புரியவில்லை’ என்பது சரியா? இரண்டையும் வைத்துக்கொண்டாள். தென்னைமரம் வரும் பத்திக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டு, ‘இங்கே நிறுத்து, செவ்வந்தியைப் பார்’ என்று பென்சிலில் குறித்தாள்.

கை கழுவப் பின்பக்கம் போனாள். வெயிலில் விளையாடிவிட்டு வந்த செவ்வந்தி பைப்படியில் குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி, நீர் வழிய வழியக் குடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அத்தையைப் பார்த்துச் சிரித்தாள். மறுபடி குனிந்தாள்.

அவள் குடித்து முடிக்கும்வரை கிருபா நின்றாள். பைப்பை மூடிவிட்டு உள்ளே வந்து நோட்டைத் திறந்தாள்.

நாளை, வியாழன். ஆராதனை பத்து மணிக்கு. எட்டு மணிக்கு, சாப்பிட்ட பிறகு, செவ்வந்தியிடம் சொல்ல வேண்டும்.