வாயில் தம்பி, வெளியே வால்

1.
இந்தக் கதை, அக்கா என்னைத் திட்டியதில் பிறந்தது.

"மீன் குறைஞ்சா ஒரு வார்த்தை சொல்ல மாட்டியாடி?"

அவள் மீன்களை எண்ணிக் கணக்கு வைப்பது என் வேலை. சொல்லியிருப்பேன். வாக்கியத்தை மனதில் அமைத்து முடிப்பதற்குள் இன்னொன்று குறைந்துவிட்டது.

2.
தொடக்கம்: "ஆழ்கடலின் இருளில் ஒரு கொடியவன்..."

வேண்டாம். அவன் கண்ணாடித் தொட்டியில் இருக்கிறான். என் சுண்டுவிரல் நகத்தளவு.

மறுபடி: அக்கா ஆராய்ச்சி மாணவி. வேட்டை மீனின் குஞ்சு முதன்முதலாக இரை பிடிக்கும்போது அதன் மூளையில் எந்தெந்த மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன என்று பார்க்கிறாள். ஒரு தொட்டியில் இரை பிடித்துப் பழகியவை. மற்றதில் பொடித் தீனி மட்டுமே தின்னும் சாதுக்கள்.* இரு தரப்பு மூளைகளையும் ஒப்பிட வேண்டும். சாதுக்களில் மிச்சம் இரண்டே. ஒன்றாவது தேறாவிட்டால் மீன் அடுத்து முட்டையிடும் பருவம்வரை ஆராய்ச்சி நிற்கும்.

(* பெயர் அக்கா வைத்தது. அவற்றைக் கேட்கவில்லை.)

3.
கதைக்கு வில்லன் வேண்டுமே என்று பேராசிரியரைக் கொண்டுவந்தேன். தொட்டியை எட்டிப் பார்த்தார். "சாது மிரண்டா காடு கொள்ளாதும்மா" என்றார். தேநீர் குடிக்கப் போய்விட்டார். வில்லனுக்கு இது போதாது. [நீக்கவும்.]

4.
இன்று காலை, ஒரு சாதுவின் வாயில் இன்னொரு சாது. தலை உள்ளே, வால் வெளியே. இரண்டும் ஒரே அளவு, விழுங்க முடியவில்லை. பற்கள் உட்பக்கம் வளைந்தவை, துப்பவும் முடியவில்லை.

"அக்கா!"

ஓடிவந்தாள். "அடப்பாவி, கூடப் பொறந்தவனையாடா?"

"தின்னதால மரபணு முழிச்சுதா, முழிச்சதால தின்னானா?"

"அதைத்தான்டி நாலு வருஷமா தேடுறேன்!"

"இன்னும் விழுங்கலையேக்கா. அப்ப இவனும் சாதுதானே?"

அக்கா என்னை முறைத்தாள். பிறகு மீனை முறைத்தாள். பிறகு இடுக்கியை என் கையில் திணித்தாள். "நீதானே கணக்கு வெச்சே. நீயே எடு."

5.
முடிவு ஒன்று: வாலை இழுக்கிறேன். உள்ளிருக்கும் தலை கிழியலாம்.

முடிவு இரண்டு: வாயை விரிக்கிறேன். தின்றவனின் மூளை நசுங்கலாம்.

முடிவு மூன்று: இருவரும் பிரிந்து, வெட்கப்பட்டு, ஆளுக்கொரு மூலையில்...

இல்லை. எப்படிப் பிழைத்தாலும் மூளையை எடுத்து ஒப்பிட, மாலையில் இருவர் தலையும் அக்காவின் உறைபெட்டிக்குத்தான் போகும். இதை உங்களிடம் மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை.

வாலா, வாயா?

"சீக்கிரம்டி!" என்கிறாள் அக்கா.

உங்களைத்தான் கேட்கிறேன்.